ஷெட்டுக்குள் மட்டும் சரியாக இருந்த வண்டி

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் கார்களுக்கான பெட்ரோல் குழாய்கள் தயாராகின்றன. லைனில் இருந்து வரும் குழாய்க்குள் காற்றடைத்து, தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது கியூசி என்கிற எங்கள் தரச் சோதனைப் பிரிவின் வேலை. செய்தவர் நல்ல மனிதர், மெஷின் புதுசு, நேற்றுவரை ஒரு புகாரும் இல்லை என்பதெல்லாம் எங்களிடம் எடுபடாது. முக்கிப் பார்க்கிறவரை எல்லாக் குழாயும் ஓட்டைக் குழாய்தான்.

இந்தப் புத்தி ஷிஃப்ட் முடிந்ததும் என்னோடு கம்பெனி பஸ்ஸில் ஏறி வீட்டுக்கும் வந்துவிடும். பால் பாக்கெட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் காய்ச்சுவேன். ஷேர் ஆட்டோக்காரர், "இன்னும் ஒரே ஒரு ஆளு, கெளம்பிடலாம்" என்றால் இறங்கி அடுத்த ஆட்டோவுக்குப் போய்விடுவேன். எனக்கு வரப்போகிற மாப்பிள்ளை ஆதார் கார்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கவேண்டியிருக்கும் என்று அம்மா சொல்வாள். அண்ணன் என்னைக் கூப்பிடுவதே "கியூசி மேடம்" என்றுதான்.

அண்ணனும் முன்பு கம்பெனி ஆள். எஞ்சின் அசெம்பிளியில் ஒரே போல்ட்டை நாள் முழுக்க முடுக்கி அலுத்துப்போய், வேலையை விட்டுவிட்டு, படப்பையில் எங்கள் வீட்டை ஒட்டியே ஷெட் போட்டான். கல்யாணமான பிறகு அவன் குடியிருப்பது குன்றத்தூரில். காலையில் வருவான், சாயங்காலம் போவான். கார்களுக்கு டர்போ மாட்டி, வேகம் கூட்டிக் கொடுப்பதில் அவனுக்கு இந்தப் பக்கத்தில் நல்ல பெயர். அவனும் நானும் சேர்ந்து வாங்கிய ஒரு பழைய காரை அவன் அப்படித்தான் தயார் செய்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ரேஸ் டிராக்கில் அதை ஓட்டுவது நான்.

ஓட்டுவது என்றால், போன வருஷம் கவிழ்த்தது வரைக்கும். நேர்ப் பாதைக்கு முந்தைய வளைவில் வண்டி மண்ணில் இறங்கி உருண்டு, எனக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. அண்ணன்தான் ஓடிவந்து பெல்ட்டை அறுத்து இழுத்தான். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் வைத்து, "இத்தோட போதும்" என்று சொல்லிவிட்டான். அம்மா எதுவும் சொல்லவில்லை. ஓட்டாதே என்று ஒரு வார்த்தை அவள் வாயில் இருந்து வரவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் வரவில்லை. எனக்கு அப்போதே கொஞ்சம் உறுத்தியது. திட்டாத அம்மாவை நம்ப முடியுமா?

நான் மாதக்கணக்கில் நச்சரித்து அண்ணனை வழிக்குக் கொண்டுவந்தேன். வண்டியை மறுபடி கட்டினான். இந்தத் தடவை எடையைக் குறைக்கிறேன் என்று பின் சீட், கார்பெட், ஏசி என்று கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றி எறிந்தான். டேங்குக்குப் பின்னால் இருந்த ஏதோ டப்பாவும் குழாய்களும்கூடப் போயின. வண்டியோடு வந்த சாதாரணப் பெட்ரோல் மூடிக்குப் பதிலாக ரேஸ் வண்டிகளுக்கான அலுமினிய மூடி வந்தது. கடைசியில் ஒரு நிபந்தனையும் வந்தது.

"ஒரே ஒரு ஞாயித்துக்கெழம. அன்னிக்கு வண்டி ஒழுங்கா ஓடணும். நடுவுல மக்கர் பண்ணுச்சுன்னா வித்துடுவோம். அப்புறம் ரேஸுன்ற பேச்சே வூட்ல வரக்கூடாது. ஓகேவா?"

ஓகே என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் எனக்கு என்ன என்று அவனுக்குத் தெரியும். கவிழ்ந்த இடத்தை மறுபடி ஒருதடவை ஒழுங்காகத் தாண்டாவிட்டால், அந்த வளைவு என் தூக்கத்தை விட்டுப் போகாது.

பயிற்சிக்காக டிராக்குக்குப் போன முதல் நாளே மக்கர் பண்ணியது. தொடக்கத்தில் பிரமாதமாகத்தான் போனது. சில சுற்றுகள் ஆன பிறகு நேர்ப் பாதையில் முழுசாக மிதித்தபோது, வண்டி யாரோ பின்னால் இருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் திணறியது. பெட்ரோல் பிரஷர் காட்டும் மீட்டர் முள் நடுங்கிக்கொண்டே கீழே இறங்கியது. இந்த மாதிரி வண்டியில் அது விளையாட்டில்லை. டர்போ காற்றை அள்ளித் திணிக்கும். அதற்கு ஈடாகப் பெட்ரோல் ஒரே அழுத்தத்தில் வந்துகொண்டே இருக்கவேண்டும். காற்று மட்டும் வந்து பெட்ரோல் குறைந்தால் உள்ளே சூடு எகிறி பிஸ்டன் உருகிவிடும். காலை எடுத்துவிட்டு மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினேன்.

அண்ணன் வந்தான். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டியாக இருந்தாலும் முதலில் பெட்ரோல் மூடியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்ப்பான். பங்க்கில் கலப்படம் செய்கிறார்கள் என்பது அவனுடைய நிரந்தர சந்தேகம். எங்கள் குடும்பத்துக்கே இந்த வியாதி உண்டு போல. முகர்ந்து முடித்து, மூடியை வண்டிக் கூரைமேல் வைத்துவிட்டு, எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தான்.

"பிரஷர் சூப்பரா கீது. முள்ளு ஆடவே இல்ல. இன்னா பிரச்சன?" என்றான்.

முள் ஆணி அடித்ததுபோல் நின்றிருந்தது. என் முகத்தில்தான் அசடு வழிந்தது.

அதற்கப்புறம் இதுவே வாடிக்கையானது. ஷெட்டுக்குள் எவ்வளவு நேரம் உறுமவிட்டாலும் பிரஷர் அசையாது. டிராக்குக்குக் கொண்டுபோனால் சில சுற்றுகளில் நடுங்கும். கொண்டுவந்து அண்ணன் முன்னால் நிறுத்தினால் மறுபடி பச்சைப்பிள்ளை மாதிரி நிற்கும். பில்டரை மாற்றினோம். பம்ப்பே போலி என்று சந்தேகப்பட்டு வேறு பம்ப் போட்டோம். பம்ப்புக்கு வரும் கரண்டை அளந்தோம், வயரைப் புதிதாக இழுத்தோம், பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். வளைவில் பெட்ரோல் ஒருபக்கமாகச் சாய்ந்து பம்ப் வெறுங்காற்றை இழுக்கிறதோ என்று பார்த்தால், பிரச்சினை வருவதோ நேர்ப் பாதையில். ஒவ்வொன்றையும் மாற்றும்போது இதுதான் என்று தோன்றும். டிராக்கில் அது இல்லை என்று தெரியும்.

பக்கத்து ஷெட்டு வெல்டிங்காரர், மெஷின் மேல் மாதா படம் ஒட்டி வைத்திருப்பவர், எட்டிப் பார்த்து, "உனக்கும் வண்டிக்கும் ராசியில்லமா. எவனுக்காச்சும் குடுத்துடு" என்றார். அம்மா திருஷ்டி என்றாள். யாரோ கண் வைத்துவிட்டார்கள்; பொம்பளப் பிள்ளை ரேஸ் ஓட்டுகிறாள் என்றால் சும்மாவா இருப்பார்கள்? எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். ஆயுத பூஜையோடு நிறுத்துகிற வழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. வெள்ளிக்கிழமை தவறாமல் ஷெட்டில் கம்ப்ரசர், டிரில்லிங் மெஷின், ஸ்விட்ச் போர்டு, ஜாக்கி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள். என் வண்டியில் மட்டும் வைக்கக் கூடாது, ஸ்டிக்கர் பாழாகிவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அப்படியும் வெளியே தெரியாத இடங்களில் ஒன்றிரண்டு வைத்திருந்தாள். கண்டும் காணாமல் விட்டுவிட்டேன்.

என் சந்தேகம் திருஷ்டி மேல் போகவில்லை. அது போன இடத்தைச் சொல்லவே எனக்குச் சங்கடமாக இருந்தது. அண்ணன் கை பட்டால் சரியாகிறது, அவன் கையை விட்டுப் போனால் கெடுகிறது. கம்பெனியில் இப்படி ஒரு குறை வந்தால் முதலில் கேட்கிற கேள்வி, அந்த நேரத்தில் அங்கே யார் இருந்தார் என்பதுதான். யார் இருந்தது? எல்லா நேரமும் அண்ணன்தான் இருந்தான். நான் ஓட்டக் கூடாது என்று வாய்விட்டுச் சொன்னதும் அவன்தான். வண்டி மக்கர் பண்ணினால் விற்றுவிடலாம் என்று நிபந்தனை போட்டதும் அவன்தான்.

ஒருநாள் நான் குளித்துவிட்டு வரும்போது, சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் அவன் சொன்னது காதில் விழுந்தது.

"நீ இன்னாத்துக்கு பயப்படற? ஞாயித்துக்கெழம அவ எங்க ஓட்டப் போறா? இப்படியே போனா வண்டி ஓடாது பாரு."

அம்மா "ம்" என்று சாம்பார் ஊற்றினாள். தலையைத் துவட்டிக்கொண்டே போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காதவள் மாதிரி அப்பளத்தை நொறுக்கினேன். இருவரும் பேச்சை மாற்றினார்கள். மாற்றிய வேகமே போதும் எனக்கு.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. போல்ட்டை முடுக்கியதும் அதன் தலையில் இருந்து பக்கத்து இரும்புவரை மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்போம். பிறகு யாராவது அதைத் தளர்த்தினால் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பேனா ஒன்றை வாங்கிவந்தேன். அண்ணன் வருவதற்கு முன்னால் வண்டிக்கடியில் படுத்து, டேங்கில் இருந்து எஞ்சின்வரை பெட்ரோல் போகிற வழியில் இருந்த எல்லா இணைப்பிலும் கோடு போட்டேன். பம்ப் மூடி, பில்டரின் இரண்டு முனை, ரெகுலேட்டர், எல்லாம். கடைசியாகப் பெட்ரோல் மூடி. அம்மா வைத்திருந்த பொட்டை ஒட்டினாற்போல ஒரு கோடு இழுத்துவிட்டு எழுந்தேன்.

சாயங்காலம் அவன் கை கழுவப் போயிருந்தபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லாக் கோடும் அப்படியே இருந்தது. பெட்ரோல் மூடியில் மட்டும் விலகியிருந்தது.

அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"மூடிய தொறந்தியா?"

"தொறந்தேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? மோந்து பாக்கத்தான். எப்பவும் பாக்கறதுதான?"

"மோந்து மட்டும்தான் பாத்தியா, உள்ள எதையாச்சும் போட்டியா?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"இன்னா கேட்ட?"

நான் திரும்பக் கேட்கவில்லை. கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை.

"போன வருஷம் உன்ன அதுக்குள்ளேர்ந்து இழுத்துப் போட்டவன் நான்," என்றான். குரல் எழும்பவே இல்லை. "இன்னும் எனக்கு அந்த பெட்ரோல் நாத்தம் மூக்குல கீது. அதான் ஒவ்வொரு தபாவும் தொறந்து பாக்கறேன். நான் உன் டேங்குல போடறேன்? வேற மெக்கானிக்க பாத்துக்கோ கியூசி மேடம்."

ஸ்பேனரை அதன் இடத்தில் மாட்டிவிட்டு, அம்மாவிடம்கூடச் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் சுருக்கென்றதற்காக ஒரு குழாயை பாஸ் போட முடியுமா?

மறுநாள் அவன் வரவில்லை. டூல்ஸை எடுக்க வெள்ளிக்கிழமை காலையில் வருகிறேன் என்று போனில் ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. வேலைவிட்டு வந்ததும், வெயில் இறங்கும் நேரத்தில் நானே வண்டியை எடுத்தேன். ஒரகடம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிற அகலமான ரோட்டில், கம்பெனி பஸ்களுக்கு வழிவிட்டு, ஒரே சீராக ஓட்டினேன். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது, ஏற்றத்தில் மிதித்த இடத்தில் முள் நடுங்கத் தொடங்கியது. வீட்டுக்கு வருவதற்குள் வண்டி இருமி இருமி என் உயிரை எடுத்துவிட்டது. அப்படியே ஷெட்டில் தள்ளிப் பூட்டினேன்.

அண்ணன் பக்கத்தில்கூட வராத நாளிலும் வண்டி கெட்டது. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே அவனை விட்டிருப்பார்கள். எனக்குத் தோன்றியதோ வேறு: போகும்போதே எதையோ செய்துவிட்டுப் போயிருக்கிறான். நாளைக்கு டூல்ஸ் எடுக்கிற சாக்கில் வருவான், வந்து அந்தத் தடயத்தை எடுத்துவிடுவான். கையும் களவுமாகப் பிடிக்க இதைவிட நல்ல நேரம் வராது.

வெள்ளிக்கிழமை எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். விடிந்ததும் எழுந்து ஷெட்டைத் திறந்து, அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். கொசு பிடுங்கியது. ஒரு டயருக்குள் தேங்கியிருந்த தண்ணீர் என் சுடிதாரை நனைத்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாசலையே பார்த்திருந்தேன். செருப்புச் சத்தம் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

வந்தது அம்மா. கையில் சந்தனக் கிண்ணம். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதையே மறந்துபோயிருந்தேன். அவள் கம்ப்ரசருக்கு வைத்தாள், டிரில்லிங் மெஷினுக்கு வைத்தாள், ஸ்விட்ச் போர்டுக்கு வைத்தாள். எல்லாம் போஸ்ட்மேன் தபால் போடுகிற வேகத்தில் நடந்தது. என் வண்டியிடம் வந்ததும் மட்டும் நின்றாள். பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவை ஒரு தட்டுத் தட்டித் திறந்தாள். அது அப்படித் தட்டினால்தான் திறக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. சந்தனத்தை எடுத்து, பெட்ரோல் மூடியின் நட்டநடுவில், ஏற்கெனவே இருந்த பொட்டின்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். அதன்மேல் குங்குமம். பிறகு வண்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"கண்ணு, எம் பொண்ணு நான் சொன்னா கேக்க மாட்டா. போவாதன்னு சொன்னா வேணும்னே போவா. அதான் நான் அவகிட்ட ஒண்ணியும் சொல்லிக்கல. உங்கிட்டதான் சொல்றேன். அவ எவ்ளோ மெதிச்சாலும் நீ மெதுவா போ. மெதுவா போயி, பத்திரமா இட்டுக்கினு வந்துடு. இன்னா?"

வண்டியிடம் பதில் வாங்கிக்கொண்டவள்போலத் தலையை ஆட்டி, கதவை மூடிவிட்டு, கிண்ணத்தோடு வீட்டுக்குள் போனாள்.

நான் டயர்களுக்குப் பின்னாலேயே இருந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை. தொண்டையில் எதுவோ வந்து அடைத்துக்கொண்டது. ஒரு வருஷமாக அவள் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் இதுதானா? நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அடைத்துக்கொண்டது என்ற சொல் மனதில் வந்ததும் எழுந்துவிட்டேன். போய்ச் சின்னக் கதவைத் தட்டித் திறந்து, பெட்ரோல் மூடியைத் திருகினேன். முதல் திருகிலேயே "உஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். டேங்க் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. நேற்று சாயங்காலத்தில் இருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த வண்டி அப்போதுதான் விட்டது.

மூடியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஹேர்பின்னால் பொட்டைச் சுரண்டினேன். மேலே ஈரச் சந்தனம். அதற்கடியில் வடாம் மாதிரி காய்ந்த சந்தனம். அதற்கும் அடியில் இன்னொரு அடுக்கு, நடுநடுவே குங்குமக் கோடு. எல்லாவற்றையும் பெயர்த்தபோது அடியில் ஒரு குண்டூசி ஓட்டை. மூடி தயாரித்தவன் காற்று போவதற்கென்றே நட்டநடுவில் போட்டு வைத்த ஓட்டை. அம்மாவும் அழகுக்கு நட்டநடுவில்தான் பொட்டு வைத்திருந்தாள்.

அட்டை டப்பாவில் ஜூஸ் குடிக்கும்போது காற்று போக வழி இல்லாவிட்டால் டப்பா உள்ளே ஒட்டிக்கொள்ளும், ஜூஸ் வர மறுக்கும். அதேதான். டேங்க் மூச்சுவிடுவதற்கென்றே முன்பு இருந்த குழாய்களை எடை குறைக்கிறேன் என்று அண்ணன் எறிந்துவிட்டான்; மிஞ்சிய ஒரே வழியில் அம்மா சந்தனம் வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் ஓடும், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் சேரும், பம்ப் இழுக்க முடியாமல் திணறும், முள் நடுங்கும். நிறுத்தியதும் அண்ணன் வந்து முகர்ந்து பார்க்க மூடியைத் திறப்பான். காற்று உள்ளே போய்விடும். மூடியைக் கூரைமேல் வைத்துவிட்டு உறுமவிட்டால் ஏன் நடுங்கப் போகிறது? வண்டி மக்கர் பண்ணியது என்று நான் வீட்டில் வந்து புலம்பியபோதெல்லாம், திருஷ்டி என்று அம்மா இன்னொரு அடுக்கு சேர்த்திருக்கிறாள்.

அண்ணன் டூல்ஸ் பையோடு முறைத்துக்கொண்டு வந்தான். மூடியை அவன் கையில் கொடுத்து, ஓட்டையைக் காட்டினேன். அம்மா வண்டியிடம் சொன்னதையும் சொன்னேன். அவன் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இந்த பொட்ட நான் டெய்லி பாத்தேன்," என்றான்.

"நானும்தான் பாத்தேன். அது பக்கத்துலதான் கோடே போட்டேன்."

இருவரும் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தோம். கம்ப்ரசரில் பொட்டு, ஜாக்கியில் பொட்டு, கதவில் பொட்டு, கல்லாப்பெட்டியில் பொட்டு. எங்கள் கம்பெனியில் ரோபோவுக்கே ஆயுத பூஜையன்று பொட்டு வைத்து மாலை போடுவார்கள். வெளிநாட்டில் இருந்து ஆடிட்டுக்கு வந்த ஒருவர்தான் ஒருமுறை, சிவப்பு மார்க் போட்ட மெஷினெல்லாம் ரிஜெக்ட் ஆனதா என்று கேட்டார். நாங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தோம். அவர் எங்கள் ஷெட்டுக்கு வந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார். எங்களுக்கு அது கண்ணில் படாது. அது இல்லாவிட்டால்தான் கண்ணில் படும்.

நான் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கடைக்குப் போய் டீயும் மசால் வடையும் வாங்கிவந்து அவன் முன்னால் வைத்தேன். அவன் வடையை எடுத்து, கண்ணை மூடி, நிதானமாக முகர்ந்து பார்த்தான்.

"உள்ள எதையாச்சும் போட்டியா?" என்றான்.

அன்றைக்கே டேங்கின் மேல் தனியாக ஒரு காற்றுக் குழாய் வைத்து, முனையைக் கீழ்ப்பக்கம் இறக்கிவிட்டான். இனிமேல் அம்மா மூடியையே சந்தனத்தில் முக்கி எடுத்தாலும் வண்டி மூச்சுவிடும். அவளிடம் சொல்லவேண்டாம், வருத்தப்படுவாள் என்றான். நான் சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பும்போது அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூடியில் ஓட்டை இருந்தது, அதைச் சந்தனம் அடைத்துவிட்டது, அதனால்தான் வண்டி வேகம் எடுக்காமல் திணறியது. அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப நான் சொன்னத கேட்டுக்கினுதான் இருந்துச்சா?" என்றாள்.

"அம்மா, அது கேக்கலம்மா, காத்து போவல."

"ஏதோ ஒண்ணு. மெதுவா போச்சில்ல?"

"இனிமே சொல்றதா இருந்தா என்கிட்ட சொல்லும்மா. வண்டிகிட்ட சொல்லாத."

"உங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்றாள் அம்மா. "அதுவாச்சும் கேட்டுச்சு."

அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நான் குனிந்து நெற்றியைக் காட்டினேன். வைத்தாள். ஹெல்மெட்டுக்குள் அது அழிந்துவிடும் என்று அவளுக்கும் தெரியும்.

வண்டி நன்றாக ஓடியது. எல்லாச் சுற்றும் முடித்தேன், கோப்பையெல்லாம் வரவில்லை, ஆனால் ஒருமுறைகூடத் திணறவில்லை. நிறுத்தியதும் அண்ணன் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, லேப்டாப்பை மாட்டினான். ஓட்டம் முழுவதும் கோடுகளாக விரிந்தது. பெட்ரோல் பிரஷர் கோடு முதலில் இருந்து கடைசிவரை ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல இருந்தது. இனி விற்கிற பேச்சு எடுக்க முடியாது. நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. விரலால் இன்னொரு கோட்டைத் தொட்டான். அது ஆக்சிலேட்டர் கோடு, என் கால் எவ்வளவு மிதித்தது என்று காட்டுவது. நேர்ப் பாதைக்கு முந்தைய அந்த வளைவில், எல்லாச் சுற்றிலும், அது லேசாக இறங்கி ஏறியிருந்தது.

"இங்க பிரஷர் கரெக்டா கீதே. அப்புறம் ஏன் இந்த எடத்துல மட்டும் மெதுவா போச்சு?"

"தெரியல," என்றேன். "செக் பண்ணணும்."

கம்பெனியில் நான் குழாயைப் பார்க்கிற அதே பார்வையை அவன் என் மேல் போட்டான். நெற்றியில் மிச்சமிருந்த சந்தனத்தையும் பார்த்தான்.

"வண்டில ஒண்ணும் இல்ல," என்று லேப்டாப்பை மூடினான். "உன்னதான் கழட்டிப் பாக்கணும்."